அருண் கேத்தர்பால், வயது 21

1971 இந்திய-பாகிஸ்தான் போரின்போது, டிசம்பர் 16 அன்று பசந்தர் என்ற இடத்தில் நடந்த சண்டையில் உயிர்நீத்த இந்திய ராணுவ இரண்டாம் லெப்டினன்ட் அருண் கேத்தர்பாலைப் பற்றி நம் இளைஞர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும். அவ்வாண்டு ஜூன் மாதம்தான் அவர் பூனா ஹார்ஸ் படைப்பிரிவில் அதிகாரியாகச் சேர்ந்தார். அகமத்நகரில் பெற்றுவந்த பயிற்சி முடிவதற்குள்ளாகவே போர்முனைக்கு அழைக்கப்பட்டார். பாகிஸ்தான் கவசப்படையின் தாக்குதலுக்கு உள்ளான சக அணி உதவி கோரியபோது, தம் செஞ்சூரியன் டாங்கியுடன் விரைந்து சென்று எதிரி டாங்கிகளை அடுத்தடுத்து வீழ்த்தினார். தம் டாங்கி தீப்பற்றியதும் வெளியேறுமாறு கட்டளை வந்தபோது, பீரங்கி இன்னும் இயங்குகிறது என்று வயர்லெஸ்ஸில் பதிலளித்துவிட்டுத் தொடர்ந்து போரிட்ட அவரை, அடுத்துப் பாய்ந்த குண்டு பலிகொண்டது. மறைவுக்குப் பின் அவருக்குப் பரம் வீர் சக்ரா வழங்கப்பட்டது.

என் மனத்தை மிகவும் உலுக்குவது அதன் பிறகு நிகழ்ந்தது. 2001 இல், தாம் பிறந்த சர்கோதாவைக் காண விரும்பிப் பாகிஸ்தான் சென்ற தந்தை பிரிகேடியர் எம்.எல். கேத்தர்பாலை, லாகூரில் பிரிகேடியர் நாசர் என்பவர் தம் இல்லத்தில் தங்கவைத்து அன்புடன் உபசரித்தார். புறப்படுவதற்கு முன்னிரவில், அருணின் டாங்கியைச் சுட்டவர் தாமே என்று நாசர் அவரிடம் தெரிவித்தார். அதைச் சொல்வதற்கு அவருக்கும், அமைதியாகக் கேட்டுக்கொள்வதற்கு அந்த முதிய தந்தைக்கும் எத்தகைய மனவலிமை வேண்டியிருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். இருவரையும் வணங்கத் தோன்றுகிறது.