சார்லமேனுக்கு வந்த ப்ளூரசி, அதே ஆகனில் எனக்கும்

ப்ளூரசி, அதாவது நுரையீரலைச் சுற்றியுள்ள படலத்தில் அழற்சி, என்று டாக்டர் சொன்னதுமே எனக்கு இடைக்கால ஐரோப்பியப் பேரரசர் சார்லமேன் ஞாபகம்தான் வந்தது. ஜெர்மனியில் ஆகன் நகரில் குடியிருந்தால் அந்தப் பேரரசரிடமிருந்து தப்பவே முடியாது, அவர் எலும்புகள்கூட இங்கே தேவாலயத்தில் தங்கப் பேழைக்குள் இருக்கின்றன. கி.பி. 814 ஜனவரி 28 அன்று அவர் இறந்ததும் இதே ஊரில், இந்த நோயில்தான் என்று அவர் அரசவையில் இருந்த ஐன்ஹார்ட் எழுதி வைத்திருக்கிறார்.

சரி, என் கதைக்கு வருகிறேன். காய்ச்சல், இருமல், அப்புறம் வலது விலாவில் குத்து. மூச்சை இழுத்தால் குத்தும், தும்மினால் உயிர் போகும், மூச்சைப் பிடித்துக்கொண்டால் ஒன்றுமே இருக்காது. அம்மா போனில், "வாய்வுப் பிடிப்பா இருக்கும், மோர்ல பெருங்காயம் கலந்து குடி" என்றார். குடித்தேன். மோர் நன்றாக இருந்தது, வலி அப்படியே இருந்தது.

டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்ததும், பதப்படுத்திய தோலும் தோலும் உரசுகிற மாதிரி சத்தம் கேட்கிறது என்றார். நுரையீரலைச் சுற்றி இரண்டு படலங்கள், நடுவே வழுக்கக் கொஞ்சம் திரவம். படலம் அழற்சியானால் ஒவ்வொரு மூச்சுக்கும் உரசல்தான். நுரையீரலுக்குள் வலி உணரும் நரம்பு இல்லை, வெளிப்படலத்தில் உண்டு, அதனால்தான் அந்தக் குத்து.

ஆனால் பெயர் தெரிந்தால் போதாதே, காரணம் வேண்டும். சமீபத்தில் நீண்ட விமானப் பயணம் உண்டா, கால் வீங்கியதா என்று கேட்டார், ஏனென்றால் நுரையீரல் ரத்தக்குழாயை ரத்தக்கட்டி அடைத்தாலும் இதே வலி வரும். வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா என்றும் கேட்டார். ரத்தப் பரிசோதனை, ஈசிஜி, எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட் எல்லாம் முடிந்து, நிமோனியா, அதையொட்டி லேசாக நீர் கோத்திருக்கிறது என்று தெரிந்தது. ஊசியால் எடுக்கிற அளவுக்கு இல்லை. வலி சட்டென்று குறைந்து மூச்சு வாங்க ஆரம்பித்தால் சந்தோஷப்படாமல் உடனே வாருங்கள் என்றார். நீர் அதிகமானால் படலங்கள் விலகி உரசல் நின்றுவிடுமாம்.

ஆன்டிபயாடிக்கோடு படுத்துக்கொண்டே ஐன்ஹார்டைத் திரும்பப் படித்தேன். சார்லமேனுக்குக் காய்ச்சல் முதலில், விலா வலி பிறகு. அதனால் அவருக்கும் நிமோனியாதான் என்பது என் ஊகம். காய்ச்சல் வந்தால் பட்டினி கிடப்பது அவர் வழக்கம், விலா வலி வந்த பின்னும் எப்போதாவது கொஞ்சம் குடித்ததோடு சரி, படுத்த ஏழாம் நாள் போய்விட்டார். மருத்துவர்களையே அவருக்குப் பிடிக்காதாம், சுட்ட இறைச்சியை விட்டு வேகவைத்ததைச் சாப்பிடச் சொன்னார்கள் என்று கோபம். என் டாக்டர் இறைச்சி பற்றி வாயே திறக்கவில்லை, இபுப்ரோஃபென் வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதீர்கள் என்றார், அவ்வளவுதான்.