10 மதிப்பெண் கேள்வி

இறையியல் கல்லூரியில் பழைய ஏற்பாடு நடத்த வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அதில் பாதிக் காலம் ஒரே கேள்வியைத் தேர்வுக்குத் தேர்வு கேட்டு வந்தேன்: "கடவுள் நல்லவர், சர்வவல்லவர் என்ற நம்பிக்கையோடு 1 சாமுவேல் 15-ஆம் அதிகாரத்தை எப்படிப் பொருத்திப் பார்ப்பீர்கள்?" அமலேக்கியரை அடியோடு அழிக்கும்படி தீர்க்கதரிசி சாமுவேல், கடவுளின் பெயரால் சவுல் ராஜாவுக்குக் கட்டளை கொடுக்கும் அதிகாரம் அது.

விடை எனக்கும் தெரியும், மாணவர்களுக்கும் தெரியும். நான் கொடுத்த குறிப்புதானே. உயிரைக் கொடுத்தவருக்கு எடுத்துக்கொள்ளவும் உரிமை உண்டு. எகிப்திலிருந்து களைத்து வந்த இஸ்ரவேலரைப் பின்னாலிருந்து தாக்கியவர்கள் அமலேக்கியர், அதற்கான தண்டனை இது. கடவுளின் வழிகள் நம் வழிகள் அல்ல. இந்த மூன்றையும் வசன ஆதாரத்தோடு எழுதினால் முழு மதிப்பெண்.

ஒரு வருடம் ஒரு மாணவியின் விடைத்தாளில் மூன்றும் ஒழுங்காக இருந்தன. கீழே ஒரு வரி இடம் விட்டு, வசனத்தில் வரும் பட்டியலை மட்டும் எழுதியிருந்தார். ஆண்கள், பெண்கள், பிள்ளைகள், கைக்குழந்தைகள், மாடு, ஆடு, ஒட்டகம், கழுதை. நான்காவது சொல்லின் கீழே ஒரு கோடு. அழுத்திப் போட்டதில் தாளின் மறுபக்கத்திலும் தடம் தெரிந்தது. பக்கத்தில் சின்ன எழுத்தில், "ஐயா, இவர்கள் யாரைத் தாக்கினார்கள்?"

சிவப்புப் பேனாவோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வகுப்பில் அந்த வசனம் வரும்போதெல்லாம், "ஆண்கள், பெண்கள் முதலிய எல்லாரையும்" என்று சுருக்கிவிட்டுத் தாண்டிப் போவது என் வழக்கம். அப்படிச் செய்கிறேன் என்பதே அன்றைக்குத்தான் உறைத்தது. மற்ற தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அது மட்டும் என் மேசையிலேயே கிடந்தது.

முதலில் வரலாற்றில் தேடினேன். 1868-ல் கிடைத்த மேசா கல்வெட்டு கி.மு. 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இஸ்ரவேலின் அண்டை நாடான மோவாபின் ராஜா மேசா, நேபோ என்ற ஊரைப் பிடித்து 7000 பேரைத் தன் தெய்வத்துக்கென்று கொன்றதாக அதில் சொல்லிக்கொள்கிறான். பழைய ஏற்பாடு 'சங்காரம்' என்று பேசும் இடத்தில் வரும் ஹேரெம் என்ற எபிரெயச் சொல்லின் அதே வேர்தான் அங்கேயும். இஸ்ரவேல் என்றென்றைக்கும் அழிந்தது என்றும் எழுதி வைத்திருக்கிறான். இஸ்ரவேல் அதற்குப் பிறகும் இருந்தது. அமலேக்கியர் கதையும் அப்படித்தான். 15-ஆம் அதிகாரத்தில் மொத்தமாக அழிந்தவர்கள் 30-ஆம் அதிகாரத்தில் தாவீதோடு சண்டை போடுகிறார்கள். அவர்களில் 400 பேர் ஒட்டகம் ஏறித் தப்பிக்கிறார்கள். அந்தக் காலத்துப் போர்ப்பேச்சு அப்படி, வெற்றியைப் பெருக்கித்தான் சொல்வார்கள். கொஞ்ச நாள் இதிலேயே நிம்மதியாக இருந்தேன். அப்புறம் அதுவும் போதவில்லை. செத்தவர்கள் குறைவு என்று காட்டலாம், கொல்லச் சொன்னார் என்ற வரி அப்படியேதான் நிற்கிறது.

'வேறு வழியில்லை' என்று சொல்வோரும் உண்டு. விட்டிருந்தால் அந்தக் குழந்தைகளும் வளர்ந்து பகைவராகியிருப்பார்களாம். இதை நானும் பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறேன், இப்போது நினைத்தால் மனம் கூசுகிறது. வேறு வழியில்லை என்பது மனிதனின் பேச்சு. சர்வவல்லவரைக் காப்பாற்றப் போய் அவருடைய வல்லமையையே மறுக்கிற பேச்சு அது.

யூத ரபீக்கள் என்னைவிட நேர்மையானவர்கள். அவர்களுடைய பழைய வேத விளக்கத் தொகுப்பான தல்மூதில், யோமா என்ற பகுதியில், சவுலே கடவுளோடு வழக்காடுகிறான்: பெரியவர்கள் பாவம் செய்தார்கள் சரி, சிறுவர்கள் என்ன செய்தார்கள்? என் மாணவியின் கேள்வி அங்கே பல நூற்றாண்டுகளாகக் காத்துக்கொண்டிருந்தது.

வேதாகமத்துக்குள்ளேயே அந்த வழக்கு நடக்கிறது. இஸ்ரவேல் ராஜா ஆகாபின் வீட்டாரை வெட்டித் தீர்த்த யெகூ, கடவுளின் கட்டளையை நிறைவேற்றியதாக 2 இராஜாக்கள் பாராட்டுகிறது. ஓசியா தீர்க்கதரிசியின் முதல் அதிகாரத்திலோ, யெஸ்ரயேல் என்ற ஊரில் சிந்திய அதே இரத்தத்துக்காக யெகூவின் வீட்டாரைத் தண்டிப்பேன் என்கிறார் கடவுள். இரண்டும் ஒரே வேதாகமத்தில், ஒன்றை ஒன்று அழிக்காமல் நிற்கின்றன. அழியவிருந்த சோதோம் நகருக்காக, அங்கே 50 நீதிமான்கள் இருந்தால் என்று தொடங்கி 10 வரைக்கும் மன்றாடிய ஆபிரகாம், நீதிபதியான நீர் நீதி செய்ய வேண்டாமா என்று நேருக்கு நேர் கேட்டார். கடவுள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். சாமுவேல் கடவுளின் குரலாக அறிவித்ததை, சாமுவேல் கேட்டு உணர்ந்த அளவு என்றே எடுத்துக்கொள்கிறேன். குழந்தைகளை அணைத்து ஆசீர்வதித்த இயேசுவும், அவர்களை வெட்டச் சொன்ன குரலும் ஒன்றுதான் என்று இனி என்னால் கற்பிக்க முடியாது. "இப்படியே போனால் எந்த வசனத்தையும் தள்ளிவிடலாமே" என்று சக ஆசிரியர் ஒருவர் வருத்தப்பட்டார். அவர் பயம் நியாயமானது. பழைய ஏற்பாட்டையே வேண்டாம் என்ற மார்சியனை கி.பி. 144-ல் ரோமச் சபை விலக்கியது, அது சரியான முடிவு என்றே நானும் நம்புகிறேன். அந்த அதிகாரத்தை நான் கிழிக்கவில்லை. இப்போது வகுப்பில் பட்டியலைக் கழுதை வரைக்கும் முழுதாக வாசிக்கிறேன், நான்காவது சொல்லில் நிறுத்தி.

அந்த விடைத்தாளை மூன்று வாரம் கழித்துத்தான் திருப்பிக் கொடுத்தேன். மூன்று பாயிண்டுக்கும் எதிரே டிக் போடவில்லை. அவர் கேள்விக்குக் கீழே, "யாரையும் இல்லை, அம்மா" என்று எழுதி, 10 போட்டேன்.