பிச்சாவரத்துப் பச்சை, மறுபடியும்

பிச்சாவரம் அலையாத்திக் காட்டின் கால்வாய் ஒன்றை முன்பு சாஃப்ட் பேஸ்டலில் வரைந்து, மனத்துக்குப் பிடிக்காமல் அலமாரியில் வைத்திருந்தேன். அண்மையில் அதே தாளின் மேல் அதே கால்வாயைப் புதிதாக வரைந்து முடித்தேன். பழைய ஓவியத்தில் சுரபுன்னையின் இலைகள், அவற்றின் நிழல், அந்த நிழல் விழுந்த நீர் ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒரே அடர்த்தியில் இருந்ததால், காடு எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்பதே தெரியவில்லை. பச்சையின் மேல் பச்சையாகப் பூசியதில் தாளின் சொரசொரப்பும் அடைபட்டு, குச்சி பிடிப்பின்றி வழுக்கியது.

பேஸ்டல் குச்சி என்பது நிறமியும் சுண்ணத்தூளும் சிறிதளவு பிசினும் சேர்த்து உருட்டியது. அது எண்ணெய் வண்ணம்போல் காய்ந்து இறுகுவதில்லை. தாளின் மேடுபள்ளங்களில் தூளாகவே தங்கியிருக்கிறது. தூளைத் தாளோடு ஒட்டவைக்கும் ஃபிக்ஸேட்டிவ் என்ற தெளிப்பை அடிக்காத ஓவியமாக இருந்தால், ஆண்டுகள் கழித்தும் அந்தத் தூளைப் பெருமளவு நீக்கிவிடலாம் என்பதே இந்த ஊடகத்தின் பெரிய கொடை என்று நான் கருதுகிறேன்.

தாளைப் பலகையில் ஒட்டி நிமிர்த்தி வைத்து, கீழே ஈரத்துணி விரித்து, விறைப்பான பன்றிமயிர்த் தூரிகையால் மேலிருந்து கீழாகத் துடைத்தேன். இந்த வேலையை மொட்டை மாடியில், முகக்கவசம் அணிந்துதான் செய்ய வேண்டும். சில குச்சிகளில் காட்மியம் போன்ற நச்சு நிறமிகள் உண்டு என்பதால், தூளை வாயால் ஊதுவது அறவே கூடாது. துடைத்து முடித்தபோது காடு மறைந்து, சாம்பல் கலந்த மங்கிய பச்சையில் அதன் சாயல் மட்டும் எஞ்சியது. முட்டுவேர்கள் நீரில் இறங்கும் வளைவுகள் மட்டும், ஆரம்பத்தில் அழுத்தி வரைந்தவை என்பதால், அப்படியே நின்றன. புதிய ஓவியத்துக்கு எலும்புக்கூடாக அமைந்தவை அந்த வளைவுகளே. அழிப்பானால் தேய்த்துத் தாளை வெள்ளையாக்கியிருந்தால் அவை கிடைத்திருக்காது.

பிரெஞ்சு ஓவியர் எட்கர் டெகா இதைவிடத் துணிவாகச் செய்தவர். மை பூசிய தகட்டில் தாளை அழுத்தி, மோனோடைப் என்னும் அச்சுப்படம் எடுத்தபின், அதே தகட்டில் மிஞ்சிய மையைக் கொண்டு மங்கலான இரண்டாம் பிரதியையும் எடுத்து, அதன்மேல் பேஸ்டல் தீட்டுவது அவர் வழக்கம். ஏறத்தாழ 1876-ஐச் சேர்ந்த, பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ள ‘நட்சத்திரம்’ என்ற நடன ஓவியமும் மோனோடைப்பின் மேல் எழுந்த பேஸ்டல்தான். வரைந்துகொண்டிருக்கும்போதே இடம் போதவில்லை என்றால் தாளின் ஓரத்தில் துண்டு ஒட்டிப் படத்தைப் பெரிதாக்குவதும் அவரிடம் உண்டு. எனக்குத் தேவைப்பட்டது அதற்கு நேர்மாறானது: மேலே இருந்த வானப் பகுதியை வெட்டி நீக்கினேன். காட்டின் இருள் அடிவானம்வரை போகாமல், பார்ப்பவரை நெருங்கி வந்துவிட்டது.

என்னுடைய தாள் உப்புத்தாள்போல் மணல் பூசிய வகை என்பதால் ஈரத்தைத் தாங்கும். சாதாரணத் தாளாக இருந்தால் சுருங்கி நெளிந்துவிடும். முதலில் நீர்ப்பரப்பு முழுவதிலும் செங்காவி நிறத்தை லேசாகத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த தூரிகையால் கரைத்துவிட்டேன். அது பழைய பச்சைத் தூளோடு கலந்து, சேற்றுக்கே உரிய பழுப்பாக விரைவில் காய்ந்தது. அதன்மேல் கரும்பச்சையும் அடர்நீலமும் கொண்டு வேர்களுக்கு இடையிலான இருளை மட்டும் இட்டு, கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பார்த்தேன். இருள், நடுத்தரம், ஒளி ஆகிய மூன்றும் தனித்தனியே பிரிந்து நிற்பது உறுதியான பிறகே இலைகளுக்குச் சென்றேன். வெளிர்ப்பச்சையை வெயில் நேராக விழும் சில கொத்துகளுக்கு மட்டும் வைத்தேன். அவற்றுக்கு இடையில் அடியிலிருந்த செங்காவி எட்டிப் பார்ப்பதால்தான் பச்சைக்கு இப்போது உயிர் வந்திருக்கிறது.

நீரின் மேல் கடைசியாக இட்ட ஒளிக்கீற்றுகள் மங்கிவிடக் கூடாது என்பதால் ஃபிக்ஸேட்டிவ் அடிக்கவில்லை. அதற்குப் பதிலாக, தாளின் பின்புறத்தைத் தட்டித் தளர்ந்த தூளை உதிர்த்து, கண்ணாடி ஓவியத்தைத் தொடாதபடி இடைவெளி விட்டுச் சட்டமிடக் கொடுத்திருக்கிறேன். கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் போட்டால் நிலைமின்னூட்டம் தூளை இழுத்துவிடும் என்பதைக் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.