கோத்தகிரியில் கோட் ரிவியூவுக்குக் கருவி தேடிய கதை

பச்சைத் தேயிலையின் எடையைக் குறித்துவைத்து, மாதக் கடைசியில் ஃபேக்டரி தரும் கணக்கோடு ஒப்பிட உதவும் செயலி ஒன்றை ஐந்து பேர் சேர்ந்து எழுதுகிறோம். ஓப்பன் சோர்ஸ்தான். சிறு விவசாயிக்கு ஒவ்வொரு கிலோவும் காசு. அதனால் ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் படிக்காமல் சேர்ப்பதில்லை; இந்தப் படிப்புதான் கோட் ரிவியூ.

முதலில் புல் ரிக்வெஸ்ட்: 'என் மாற்றத்தைப் படித்துச் சேருங்கள்' என்று கேட்கும் முறை. கமிட்டை, அதாவது பதிவு செய்த மாற்றத்தை, திருத்திப் பழையதன் மேலேயே ஏற்றினால் (ஃபோர்ஸ் புஷ்), நாங்கள் எழுதிய குறிப்புகள் 'பழையவை' என்று மடங்கிக்கொள்ளும். சொன்னதைத் திருத்தினார்களா என்று ஃபோன் போட்டுத்தான் கேட்க வேண்டும். சாக்கு எடையை இரண்டு முறை கழித்த பிழை அப்படித்தான் உள்ளே நுழைந்தது. அந்த வாரம் எனக்குச் சரியாகத் தூக்கமே இல்லை.

லினக்ஸ் கெர்னல் எழுதுபவர்கள் போல, மாறிய வரிகளை மட்டும் பேட்ச்சாக மின்னஞ்சலில் அனுப்பிப் பார்த்தோம். ஒருவரின் மெயில் செயலி இடைவெளிகளைக் கலைத்துவிட்டது; பேட்ச் ஒட்டவில்லை. பேபிரிகேட்டர் என்ற ரிவியூ கருவி எனக்குப் பிடித்தது, ஆனால் 2021லேயே அதன் பராமரிப்பு நின்றுவிட்டது. ரிவியூ போர்டு என்ற இன்னொரு கருவி நன்றாக இருந்தது. ஆனால் ரிவியூ முடிந்ததும் அங்கிருந்தே கிட்டில் (நிரலின் பதிப்புகளைச் சேமிக்கும் மென்பொருள்) சேர்க்கும் வசதி எங்களுக்கு வேண்டியிருந்தது.

கடைசியில் கெரிட். ஆண்ட்ராய்டுக்காக கூகுளில் உருவானது. ஒவ்வொரு கமிட்டுக்கும் சேஞ்ச்-ஐடி என்று ஓர் அடையாளம். கமிட்டை எத்தனை முறை திருத்தினாலும் அதே மாற்றத்தின் அடுத்த பேட்ச் செட்டாக, அதாவது அடுத்த பதிப்பாக, வந்து உட்கார்ந்துவிடும். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில் என்ன மாறியது என்பதை மட்டும் பார்க்கலாம். எங்களுக்கு வேண்டியது இதுதான்.

பழகுவது எளிதில்லை. கமிட் செய்தியில் சேஞ்ச்-ஐடியைத் தானாகச் சேர்க்கும் சிறு நிரலை (ஹூக்) போடாமல் புஷ் செய்தால் சர்வர் திருப்பி அனுப்பிவிடும். புதிதாக வந்த கல்லூரி மாணவி அதிலேயே ஒரு மாலை முழுக்கப் போராடினார். அப்புறம் அதற்கு மட்டும் தமிழில் ஒரு பக்கம் எழுதிவைத்தேன்.

ஐப்பசி மழையில் இங்கே கரண்டும் நெட்டும் சேர்ந்தே போகும். கெரிட்டில் ஒவ்வொரு பேட்ச் செட்டுக்கும் கிட்டில் ரெஃப் என்ற தனிப் பெயர் உண்டு; அதை வைத்துத் தனியாக இறக்கிக்கொள்ளலாம். சிக்னல் இருக்கும்போது இழுத்து வைத்துக்கொள்வேன், குன்னூர் பஸ்ஸில் படிப்பேன், நோட்டில் குறிப்பேன். போன மழையில் எடையை முழு எண்ணாக்கும் மாற்றத்தை இப்படித்தான் படித்தேன். அரை கிலோ எப்போதும் கீழ்ப்பக்கமே போய்க்கொண்டிருந்தது. இரவு கரண்ட் வந்ததும் மைனஸ் இரண்டு, அதாவது 'இதைச் சேர்க்கக் கூடாது' என்ற ஓட்டு, போட்டு, காரணத்தையும் எழுதினேன்.