என் கேரக்டர் ஷீட்டில் இல்லாதவை

ரோல் பிளேயிங் கேம் என்றால், மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடுவது. அதை ஆடத் தொடங்கிய காலத்தில், பாதி சுகம் எனக்கு ஆட்டத்துக்கு வெளியேதான் இருந்தது. அப்போது நாங்கள் ஆடியது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் இரண்டாம் பதிப்பு, 1989-ல் வந்தது. அதில் எதிரியை அடிப்பதற்கு முன் ஒரு கழித்தல் கணக்கு உண்டு. ஒவ்வொருவருக்கும் தாக்கோ என்று ஓர் எண் இருக்கும். அதிலிருந்து எதிரியின் ஆர்மர் கிளாஸை, அதாவது கவசத்துக்கான எண்ணைக் கழித்தால், இருபது முகப் பகடையில் குறைந்தது எவ்வளவு விழ வேண்டும் என்று தெரிந்துவிடும். என் தாக்கோ 18, அவன் கவசம் 5 என்றால் எனக்கு 13 வேண்டும். கவசம் உறுதியாக ஆக அந்த எண் இறங்கிக்கொண்டே போகும், பூஜ்யத்துக்குக் கீழேயும் போகும். புதிதாக வருபவர்கள் தலையைப் பிடித்துக்கொள்வார்கள். எனக்கோ அந்தக் கணக்கு அவ்வளவு பிடிக்கும்.

2000-ல் மூன்றாம் பதிப்பு வந்தது. கழித்தல் போய், பகடையில் விழுந்ததோடு கூட்டினால் போதும் என்றானது. அந்த இடத்தில் வேறொரு ஆனந்தம் வந்து உட்கார்ந்துகொண்டது: பாத்திரத்தைக் கட்டுவது. ஃபீட் (தனித் திறமை), ஸ்கில், பிரெஸ்டீஜ் கிளாஸ் (தகுதி பெற்றபின் சேரும் சிறப்பு வகை) என்று புத்தகத்துக்குப் புத்தகம் குவிந்தன. இப்போது எடுக்கும் ஒரு ஃபீட் இன்னும் பல லெவல் தாண்டி எதற்குத் தகுதி கொடுக்கும் என்று பார்த்துப் பார்த்து, இருபதாவது லெவல் வரை நோட்டில் எழுதி வைப்பேன். பாத்திரத்தின் எண்களையும் திறமைகளையும் எழுதிய என் ஷீட்டைப் பார்த்தால் என் ஆளைப் பற்றி எல்லாமே தெரியும். அவன் யார் என்பதும் அதில் இருக்கிறது என்றுதான் அன்றைக்கு நம்பினேன்.

அப்புறம் ஒரு இரவு. நாங்கள் ஆடிக்கொண்டிருந்தது அப்போகலிப்ஸ் வேர்ல்ட் என்ற கேமின் வழியில் வந்த இன்னொரு கேம். வின்சென்ட் பேக்கர் 2010-ல் கொண்டுவந்த அந்த அமைப்பில் இரண்டு ஆறுமுகப் பகடைகள்தான். பத்தோ அதற்கு மேலோ விழுந்தால் நினைத்தது நடக்கும். ஆறுக்குள் நின்றால் விஷயம் ஆட்டத்தை நடத்தும் ஜி.எம். கைக்குப் போய்விடும். நடுவில் இருக்கும் ஏழு முதல் ஒன்பது வரைதான் அதன் உயிர்நாடி: நடக்கும், ஆனால் ஏதாவது ஒரு விலை கொடுக்க வேண்டும். கூட்ட எதுவும் இல்லாத வெறும் பகடையிலேயே 36 சேர்க்கைகளில் 15 இந்த இடத்தில் விழும். இருபது முகப் பகடையில் ஒன்றும் இருபதும் ஒரே அளவு வாய்ப்புள்ளவை, அங்கே பட்டது அல்லது படவில்லை, அவ்வளவுதான். இங்கே ஆட்டம் திரும்பத் திரும்ப ஒரு கேள்வியில் வந்து நிற்கும்.

அன்று எரியும் கயிற்றுப் பாலத்தில் என் தோழியின் பாத்திரம் தொங்கிக்கொண்டிருந்தாள். திருடி. ஒரு கையில் கயிறு, இன்னொரு கையில் நாங்கள் சிறையிலிருந்து மீட்ட ஒரு பையன். பகடையில் எட்டு விழுந்தது. ஜி.எம். சொன்னார்: "அவனை மேல தூக்கலாம். ஆனா தோள்ல இருக்கற பை நழுவிரும். பையைப் பிடிச்சா, பையன் கீழ பாறைல விழுவான். சாக மாட்டான், கால் போயிரும்."

பைக்குள் இருந்தது அவள் திருட்டுகளை மன்னித்து விடுவிக்கும் கடிதம். முதல் செஷனிலிருந்து அவள் அலைந்தது அதற்காகத்தான். மேஜையில் யாரும் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள், "பை போகட்டும்" என்றாள். மேலே ஏறியதும் என் பாத்திரத்தின் குரலில் கேட்டேன், "ஏன் விட்டே?" அவள் யோசிக்கவே இல்லை. "என் தம்பி வயசு இவனுக்கு."

தம்பியா? அதுவரை அப்படி ஒருவன் இருப்பது எங்களில் யாருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. ஜி.எம். உடனே பிடித்துக்கொண்டார்: "தம்பி இப்ப எங்க இருக்கான்?" பல இரவுகள் தொடர்கதையாகப் போகும் அந்த கேம்பெயினில் மிச்சம் இருந்த காலமெல்லாம் நாங்கள் அந்தத் தம்பியைத்தான் தேடிப் போனோம். அன்று என் பாத்திரம் எத்தனை பேரை வீழ்த்தினான், என்ன உருட்டினேன், எதுவும் நினைவில்லை. அந்த எட்டு மட்டும் அப்படியே இருக்கிறது.

அதற்குப் பிறகு என் நோட்டில் எழுதுவது மாறிவிட்டது. என் ஆளைப் பற்றி ஒரு பெயர், ஒரு பழக்கம், ஒரு கடன். மீதிப் பக்கமெல்லாம் மற்றவர்களின் பாத்திரங்கள் சொன்னது, சொல்லாமல் விட்டது, யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பது. 2017-ல் வந்த பிளேட்ஸ் இன் தி டார்க் என்ற கேம் இதற்கு இன்னும் இடம் கொடுத்தது. திருடப் போவதற்கு முன் மணிக்கணக்கில் திட்டம் போடும் வேலை அதில் கிடையாது. காவலன் எதிரே வந்து நின்றால், "இவனை நேத்தே பார்த்துப் பேசிட்டேன்" என்று ஒரு பிளாஷ்பேக் காட்டலாம். அந்த முன்னேற்பாடு எவ்வளவு சிக்கலோ, அதற்கேற்ப பாத்திரத்தின் ஸ்ட்ரெஸ், அதாவது மன அழுத்தப் புள்ளிகள் ஏறும். எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதி வைக்கும் எனக்கு, திட்டத்தை எல்லோர் முன்னிலையிலும் பின்னோக்கிப் போடுவது புது ருசி. இன்னொருவர் காட்டும் பிளாஷ்பேக்குக்குள் என் ஆளையும் இழுத்துவிட்டால் இன்னும் சந்தோஷம்.

இதை வைத்து, விதி குறைந்த கேம்தான் உயர்ந்தது, பழையதெல்லாம் வெறும் கணக்கு என்று சிலர் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் நான்காம் பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2008-ல் வந்தபோது, கட்டம் கட்டமாகப் பொம்மை நகர்த்தும் ஆட்டம் என்று வாங்கிக் கட்டிக்கொண்டது. அதில் வார்லார்ட் என்று ஒரு கிளாஸ், அதாவது பாத்திர வகை உண்டு. அவனுடைய ஒரு சக்தி, தான் அடிப்பதற்குப் பதிலாகக் கூட இருப்பவனை அடிக்க வைப்பது. என் முறை வரும், பகடையை உருட்டுவது இன்னொருவர். அதைச் சரியாக ஆட வேண்டுமென்றால், எதிரே உட்கார்ந்திருப்பவரின் ஷீட்டும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவர் இந்த நிமிடம் எதற்குத் துடிக்கிறார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இவ்வளவு விதிகளுக்கு நடுவே அப்படி ஒரு ஆளை உருவாக்கியவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

அடுத்த கேம்பெயின் அந்தப் பதிப்பில்தான். வார்லார்ட் எனக்கு என்று இப்போதே சொல்லி வைத்துவிட்டேன். கோடரி தூக்கும் பார்பேரியனாக வர ஒருவர் சம்மதித்துவிட்டால் போதும், முதல் சண்டையிலிருந்தே என் அடிகளையெல்லாம் அவருக்குக் கொடுக்கப் போகிறேன்.