முதலில் வென்டிலேட்டர், அப்புறம் வயிறு

"வயிற்று பிரஷர் ஒருதடவை பார்த்துடலாமா சார்?" என்று சிஸ்டர் கேட்டார். "முதல்ல வென்டிலேட்டரைச் சரிபண்ணிடுவோம், அப்புறம் பார்க்கலாம்" என்றேன். அந்த அப்புறம் வர இரண்டரை மணி நேரம் ஆனது.

தீவிர கணைய அழற்சி, மூன்றாம் நாள், மாலையில் மூச்சுக்குழாய்க்குள் குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைத்தவர். உயரத்தை வைத்துக் கணக்கிட்ட எடை 62 கிலோ. கிலோவுக்கு 6 மில்லி என்று ஒரு மூச்சுக்கு 370 மில்லி மூச்சளவு. பிளாட்டோ பிரஷர், அதாவது மூச்சு உள்ளே போய் நின்ற கணத்தில் இருக்கும் அழுத்தம், 34. முப்பதைத் தாண்டவிடாதே என்பது எனக்கு ஊறிப்போன விதி. நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் சிறிய மூச்சளவால் இறப்பு 40 விழுக்காட்டிலிருந்து 31-ஆகக் குறைந்ததை 2000-ல் வந்த ஆர்ட்ஸ்நெட் ஆய்வு காட்டியது. அதைப் படித்து வளர்ந்தவன் நான். மூச்சளவை 310-க்கு இறக்கினேன், பீப்பை, அதாவது மூச்சு வெளியே விட்ட பிறகும் நுரையீரலில் தங்கும் அழுத்தத்தை, 12-லிருந்து 8-க்கு. பிளாட்டோ 28 ஆனது. ஆக்சிஜன் 84-க்கு விழுந்தது. ரத்தத்தின் பிஹெச் 7.16, அமிலம் ஏறியிருந்தது.

கடைசியில் சிறுநீர்ப்பைக்குள் 25 மில்லி சலைன் விட்டு, அதன் வழியே வயிற்று பிரஷரை அளந்தோம். 24. இருபதைத் தாண்டி, சிறுநீரும் நின்றுபோயிருந்தது: வயிற்று அழுத்தம் உறுப்புகளை நெரிக்கிறது என்று அர்த்தம். உப்பிய வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளிக்கொண்டிருந்தது. நான் பயந்த 34-ல் ஒரு பங்கு நுரையீரலின் மேல் விழவே இல்லை. இறுகிய வயிற்றையும் மார்பையும் தள்ளவே அது செலவானது. அடிநுரையீரல் சுருங்காமல் தாங்கிக்கொண்டிருந்த பீப்பைத்தான் நான் குறைத்திருக்கிறேன்.

ஆனால் அந்த 34-ல் நுரையீரலின் பங்கு எவ்வளவு என்று அப்போது எப்படித் தெரியும்? மார்பின் பங்கைப் பிரித்துக் காட்டும் உணவுக்குழாய் பலூன் எங்களிடம் இல்லை. கணைய அழற்சியில் நுரையீரலும்தான் கெட்டுப்போகிறது. பயந்தது தப்பில்லை என்று இன்றும் நினைக்கிறேன். கேள்வியைத் தள்ளிப்போட்டதுதான்... அளக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.

தசைத் தளர்ச்சி மருந்து கொடுத்து, அல்ட்ராசவுண்ட் பார்த்து வயிற்றுக்குள் வடிகுழாய் வைத்தோம். 1.8 லிட்டர் நீர் வடிந்தது. பீப்பை 14-ஆக வைத்தும் பிளாட்டோ 27. விடிவதற்குள் சிறுநீர் வந்தது. மூன்று வாரத்தில் அவர் வார்டுக்குப் போனார். அந்த இரண்டரை மணி நேரத்துக்கு அவர் என்ன விலை கொடுத்தார் என்று எனக்குத் தெரியாது. ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். சிஸ்டர் அதைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதிலிருந்து பிளாட்டோ ஏறினால் முதலில் வயிற்றை அளக்கிறேன். போன மாதமும் அப்படித்தான், இதே நோய், பிளாட்டோ 33. அளந்தோம்: 9. மறுபடி அளந்தோம், அதே 9. அதற்குப் பிறகுதான் ஸ்டெதஸ்கோப்பை எடுத்து மார்பில் வைத்தேன். இடது பக்கம் காற்றே போகவில்லை. சளி அடைத்திருந்தது.