வேட்டைத் துப்பாக்கியின் கட்டையையும் கைப்பிடியையும் என் உடம்புக்குப் பொருத்திய அனுபவம்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஃபெசன்ட் என்ற காட்டுப் பறவையின் வேட்டைக்கு நான் பயன்படுத்துவது, பழைய துப்பாக்கியாக வாங்கிய ஒரு ரெமிங்டன் 870 விங்மாஸ்டர், 12 கேஜ் (குழலின் உள்விட்ட அளவு) பம்ப் ஷாட்கன்; அதாவது முன்பிடியைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும், சிறு குண்டுகளைச் சிதறச் சுடும் துப்பாக்கி. 1950இல் சந்தைக்கு வந்த இந்த மாடலின் இயக்கத்தில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. தோளில் பதியும் அதன் பின்பக்க வால்நட் மரக் கட்டையும் என் உடம்பும்தான் ஒத்துப்போகவில்லை. விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரை நீளம் 14 அங்குலம். கன்னம் பதியும் மேல்விளிம்பு, குழலின் மேல்மட்டத்தை விட முன்பக்கம் ஒன்றரை அங்குலமும் பின்முனையில் இரண்டரை அங்குலமும் தாழ்ந்து சரிந்திருக்கும். சராசரி அமெரிக்க ஆணுக்கு இந்த அளவுகள் பொருந்தும். நான் ஐந்தடி நான்கு அங்குலம். கையும் கழுத்தும் குட்டை, கன்னம் அகலம். துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றும்போது கட்டையின் பின்முனை அக்குள் பக்கம் சட்டையில் சிக்கும். சிக்காமல் ஏறினாலும், கண்ணுக்குக் குழலின் மேற்பகுதி தெரியாமல், குழலுக்கும் கட்டைக்கும் நடுவே உள்ள உலோக விசைப்பெட்டியின் பின்சுவர்தான் தெரியும்.

ஷாட்கன்னில் ரைஃபிளைப் போலப் பின்பக்கப் பார்வைக்குறி கிடையாது. சுடுபவரின் கண்தான் அந்த வேலையைச் செய்கிறது. அந்தக் கண் எங்கே நிற்கும் என்பதைக் கட்டைதான் முடிவு செய்கிறது. ஆகவே எதையும் வெட்டுவதற்கு முன், துப்பாக்கி இப்போது எங்கே சுடுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இதற்கு 16 கஜ தூரத்தில் ஒரு பெரிய தாளை நிறுத்தி, நடுவில் ஒரு புள்ளி வைத்து, குறிபார்க்காமல் புள்ளியை மட்டும் பார்த்தபடி துப்பாக்கியைச் சட்டென்று தோளுக்கு ஏற்றிச் சுட வேண்டும். நிதானமாகக் குறிபார்த்தால் கழுத்தை வளைத்துக் கண் தானாகச் சரிசெய்துகொள்ளும். கட்டையின் குணம் வெளியே வராது. சில தோட்டாக்களைச் சுட்ட பிறகு, சிதறிய குண்டுகளின் மையம் புள்ளிக்கு மூன்று அங்குலம் கீழேயும் ஓர் அங்குலம் இடப்பக்கமும் விழுவது தெளிவாகத் தெரிந்தது.

16 கஜ தூரத்தைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. கண்ணிலிருந்து குழலின் நுனியில் குறிபார்க்க உள்ள சிறு மணி வரை ஏறத்தாழ ஒரு கஜம். தாள் அதைப்போல் பதினாறு மடங்கு தூரத்தில் இருக்கிறது. எனவே கண் ஓர் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு உயர்ந்தால், தாளில் மையம் ஓர் அங்குலம் உயரும். எனக்கு வேண்டியிருந்தது பதினாறில் மூன்று பங்கு உயரமும், பக்கவாட்டில் பதினாறில் ஒரு பங்கும். தாளில் இவ்வளவு பெரிதாகத் தெரிந்த பிழைக்குக் கட்டையில் வேண்டிய மாற்றம் ஒரு தடித்த அட்டையின் கனம்தான் என்பதை நினைத்தால், அவசரமாக ரம்பத்தை எடுக்கத் தோன்றாது.

நீளத்தைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். மேல்விளிம்பு சரிந்திருப்பதால், கட்டை குட்டையானால் கன்னம் முன்னே நகர்ந்து சற்று உயரமான இடத்தில் பதியும். அரை அங்குல நீளம் குறைந்தாலே கண் ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்கு உயர்ந்துவிடும். உயரத்தை முதலில் திருத்திவிட்டுப் பிறகு நீளத்தை வெட்டினால் உயரக் கணக்கை மறுபடியும் போட வேண்டியதாகிவிடும். பதிமூன்றரை அங்குலம் போதும் என்பதை, வேட்டைக்குப் போடும் ஆரஞ்சு மேலாடையை அணிந்துகொண்டு பலமுறை தோளுக்கு ஏற்றிப் பார்த்துத்தான் முடிவு செய்தேன். வீட்டில் பனியனோடு நின்று எடுத்த அளவு அக்டோபர் மாத வயலில் பயன்படாது.

கட்டையின் முனையில் இருந்த கால் அங்குலப் பிளாஸ்டிக் தகட்டை நீக்கி, ஓர் அங்குல ரப்பர் பேட் வைப்பதாகத் திட்டம். ஆக, மரத்தில் ஒன்றேகால் அங்குலத்தை எடுக்க வேண்டியிருந்தது. துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று குழலையும், தோட்டாக்களை வைக்கும் மேகசினையும் கண்ணாலும் விரலாலும் பார்த்து, தோட்டாப் பெட்டியை வேறு அறையில் வைத்த பிறகே திருகுகளில் கைவைத்தேன். கட்டையை விசைப்பெட்டியோடு பிணைப்பது உள்ளே நெடுக ஓடும் ஒரே ஒரு போல்ட். பின்முனைத் துளை வழியாக நீண்ட ஸ்க்ரூடிரைவரை விட்டால் கழன்றுவிடும். பம்ப் துப்பாக்கியாக இருந்தது என் நல்ல காலம். ரெமிங்டன் 1100 போன்ற, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றும் அரைத் தானியங்கிகளில் ஸ்பிரிங் குழாய் கட்டைக்குள்ளேயே ஓடுவதால், அங்கே விருப்பம்போல் வெட்ட முடியாது.

வெட்டும் இடத்தைச் சுற்றி மாஸ்கிங் டேப்பை இரண்டு சுற்று இறுக்கமாக ஒட்டி, அதன்மேல் கூரான கத்தியால் கோடு கீறி, பொடிப்பல் ரம்பத்தால் அறுத்தேன். டேப் இல்லாவிட்டால் வால்நட்டின் விளிம்பு சிம்பு சிம்பாகப் பிய்ந்துவரும். பின்முனையின் சாய்வுக் கோணமும் முக்கியம்: அது மாறினால், சுடும்போது கட்டையின் கீழ்மூக்கு மார்பில் குத்தும். பழைய முனையின் கோணத்தை ஓர் அட்டையில் வரைந்து வைத்துக்கொண்டு அதன்படியே வெட்டினேன். பேடின் திருகுகள் ரப்பருக்குள் மறைந்திருக்க வேண்டும் என்பதால், முகப்பு ரப்பரில் சிறு கீறல் போட்டு, ஸ்க்ரூடிரைவரின் தண்டில் சோப்பைத் தடவி உள்ளே செலுத்த வேண்டும். சோப்பு தடவாவிட்டால் ரப்பர் கிழியும். பழைய வால்நட் எளிதில் பிளக்கும், ஆகவே திருகுக்கு முன் சிறு துளை போட்டே ஆக வேண்டும்.

கைப்பிடிதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. பிடி என் கைக்குத் தடிமன். சுற்றிப் பிடித்தால் ஆள்காட்டி விரலின் நுனிச்சதை விசையை எட்டவில்லை. எட்டுவதற்காகக் கையை முன்னே தள்ளினால், உதைப்பின்போது விசைக்காப்பு வளையத்தின் பின்பகுதி நடுவிரல் முட்டியில் மோதும். ஒரு நாள் முழுவதும் பயிற்சிக்காக வீசப்படும் களிமண் தட்டுகளைச் சுட்டுவிட்டு வீங்கிய நடுவிரலோடு வீடு திரும்பியவர்களுக்கு நான் சொல்வது புரியும். பிடியின் இரு பக்கங்களையும் வட்ட மர அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக மெலிதாக்கினேன். அரம் நான்கைந்து முறை ஓடியதும் நிறுத்திப் பிடித்துப் பார்ப்பது, மறுபடியும் ஓட்டுவது என்று வேலை நகர்ந்தது. இதற்கு ஒரு வரம்பு உண்டு: போல்ட் போகும் துளை பிடியின் நடுவே செல்வதால், சுவர் மெலிந்துவிட்டால் கட்டை அங்கேயே முறியும். விசைப்பெட்டியைத் தொடும் முன்விளிம்பில் உப்புத்தாளைக்கூட வைக்கக்கூடாது. அந்த விளிம்பு எல்லாப் பக்கமும் சமமாக அழுந்தி நின்றால்தான் உதைப்பைத் தாங்கும். இடைவெளி விட்டால் மரம் பிளக்கும்.

மெலிதாக்கிய பிறகு வலப்பக்கத்தில், உள்ளங்கைக் குழியை நிரப்ப ஒரு சிறு மேடு வேண்டியிருந்தது. நம் ஊரில் எம்-சீல் என்று எல்லோரும் அறிந்த வகை எபாக்சி புட்டியைப் பிசைந்து, கையில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு, துப்பாக்கியைத் தோளில் வைத்து இயல்பாகப் பிடித்தேன். கை பதிந்த வடிவமே மேடானது. இறுகிய பின் உப்புத்தாளால் வழவழப்பாக்கினேன். மரநிறத்தோடு அது முழுதும் கலக்கவில்லை என்பது உண்மை. அழகு பார்ப்பவர்கள் வால்நட் துண்டை ஒட்டிச் செதுக்கலாம்.

பிடியின் பழைய வைரக்கட்ட வேலைப்பாடு அச்சால் அழுத்தப்பட்டது, தேய்ந்தும் போயிருந்தது. புதிதாகச் செதுக்குவதற்கு அங்குலத்துக்கு 18 கோடுகள் என்ற அளவை எடுத்தேன். அதைவிட நெருக்கமான கோடுகள் பார்க்க நேர்த்தியாக இருக்கும், ஆனால் கையுறை போட்ட கைக்குப் பிடிப்பு தராது. முதலில் ஒன்றையொன்று வெட்டும் இரண்டு தாய்க்கோடுகள். பிறகு இரட்டைப் பல் உள்ள கருவியின் ஒரு பல்லை முந்தைய கோட்டில் ஓட்டினால், மறுபல் அடுத்த கோட்டைப் போடும். எல்லாக் கோடுகளையும் மேலோட்டமாகப் போட்டு முடித்த பிறகே ஆழப்படுத்த வேண்டும். முதல் கோட்டிலேயே ஆழமாக இறங்கினால், அதன் வளைவைப் பின்வரும் கோடுகள் அனைத்தும் ஏற்றுக்கொள்ளும்.

மேல்விளிம்பை மட்டும் நான் செய்யவில்லை. அதை அறுத்து இரண்டு உலோகத் தண்டுகளின் மேல் நிறுத்தினால், உயர்த்தவும் தாழ்த்தவும் பக்கவாட்டில் நகர்த்தவும் முடியும். ஆனால் தண்டுகளுக்கான துளைகள் இம்மியும் பிசகக்கூடாது. துப்பாக்கிகளைச் செப்பனிடும் அனுபவமுள்ள ஒரு கன்ஸ்மித்திடம் கொடுத்தேன். அதற்கு முன் எந்த உயரம் வேண்டும் என்பதை, மேல்விளிம்பில் பஞ்சுப் பட்டையை ஒட்டியும் எடுத்தும் தாளில் சுட்டுப் பார்த்து உறுதிசெய்திருந்தேன். நீளத்தை வெட்டியதிலேயே மையம் ஓர் அங்குலம் ஏறியிருந்தது. மீதமிருந்தது எட்டில் ஒரு பங்குதான். கணக்குப்படி அத்தோடு நிறுத்தாமல் ஓர் இழை கூடுதலாகவே வைக்கச் சொன்னேன். ஃபெசன்ட் புல்லிலிருந்து மேல்நோக்கி எழும் பறவை. சற்று மேலே சுடும் துப்பாக்கியில், பறவையைக் குழலால் மறைக்காமலே சுட முடிகிறது.

எண்ணெய்ப் பூச்சுக்குக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைப் பயன்படுத்தினேன். மெல்லிய பூச்சாகப் பூசி, மிகுதியைத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடக்கூடாது. அந்த எண்ணெய் காயும்போது வெப்பம் வெளியாகும். சுருட்டிய துணி தானே பற்றி எரியும். நான் அவற்றை வெளியே விரித்துக் காயவைத்தேன்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி ஷாட்கன்னின் மொத்த நீளம் 26 அங்குலத்துக்கும், குழலின் நீளம் 18 அங்குலத்துக்கும் குறையக்கூடாது. குறைந்தால் அது தனிப்பதிவு தேவைப்படும் ஆயுதமாகிவிடும். 28 அங்குலக் குழலுள்ள என் துப்பாக்கிக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் நியூயார்க் போன்ற மாநிலங்களில் அரைத் தானியங்கி ஷாட்கன்னுக்குக் கட்டைவிரல் துளையுள்ள கட்டையை மாட்டுவது தடைக்குள் வரும். வாங்கும் முன் விசாரிப்பது நல்லது. மாஸ்பெர்க் 500 வைத்திருப்பவர்கள் செங்குத்தான கைப்பிடியை மாட்டுவதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதன் பாதுகாப்புப் பொத்தான் விசைப்பெட்டியின் மேல் இருப்பதால், பிடியை விடாமல் கட்டைவிரல் அதை எட்டாது. 870இல் அது விசைக்குப் பின்னால் குறுக்காக இருப்பதால் எந்தப் பிடிக்கும் ஒத்துவருகிறது.

டிசம்பரில் தடித்த கோட்டைப் போட்டதும் பதிமூன்றரை அங்குலமும் நீளமாகத் தோன்றியது. மரத்தை மேலும் வெட்ட மனமில்லாததால், அரை அங்குலப் பேட் ஒன்றைக் கட்டையின் வடிவத்துக்குத் தேய்த்து வைத்திருக்கிறேன். பனி விழத் தொடங்கியதும் இரண்டு திருகுகளைக் கழற்றி அதை மாட்டிக்கொள்கிறேன்.